ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காதைக் கொடுங்கள்

அம்பாசமுத்திரத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மேஸ்திரியிடம் தொழில் பழகினேன். இத்தனை காலத்தில் "என்ஜினில் சத்தம் வருகிறது, பிரித்துப் பாருங்கள் அண்ணாச்சி" என்று சொல்லி வண்டியை நிறுத்தியவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரின் என்ஜினை நான் பிரிக்கவே இல்லை. பிரிக்க வேண்டிய தேவை வரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரி ஒருவர் நூறு சி.சி. வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். தலைப்பகுதியில் 'டக் டக்' என்று அடிக்கிறது என்றார். வேறோர் ஊரில் அதற்குப் போரும், அதாவது என்ஜின் உருளையும், அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் மாற்றியிருந்தார்கள். பில்லைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டுக் குனிந்து, சைலன்சர் குழாய் என்ஜின் தலையான ஹெட்டில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன். சூடான காற்று விரல்களில் விட்டுவிட்டு அடித்தது. அந்த இடத்தில் இருக்க வேண்டிய இரண்டு நட்டுகளில் ஒன்று இல்லை. உள்ளே இருந்து கசிவை அடைக்கும் கேஸ்கட் வளையம் கருகி உடைந்திருந்தது. வளையத்துக்கும் நட்டுக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. சத்தம் நின்றது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அந்தப் பழைய பில்லை எடுத்து விரிப்பதும் மடிப்பதுமாக வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் மாலையில் ஆயில்

சத்தத்தைத் தேடுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். மேலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, ஆயில் மூடியோடு இருக்கும் அளவுக் குச்சியைத் துடைத்துவிட்டு உள்ளே வைத்துப் பாருங்கள். பெரும்பாலான சிறு வண்டிகளில் குச்சியைத் திருகாமல், துளையில் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகிவிட்டுப் பார்த்தால் இல்லாத ஆயில் இருப்பதுபோலத் தெரியும். இந்த ஒரு தவறால் ஆயில் வற்றி வண்டியைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நூறு சி.சி. வண்டிக்குள் இருப்பது மொத்தமே சுமார் ஒரு லிட்டர் ஆயில். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் முதலில் தவிப்பது மேலே இருந்து வால்வுகளைத் திறக்கும் ராக்கரும் கேமும்தான். ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. அதனால் தலைப்பகுதி கத்துகிறது என்றால் பாதி நேரம் அது தாகத்தில் கத்துகிறது.

குச்சியை முகர்ந்தும் பாருங்கள். கார்புரேட்டர் வைத்த வண்டியில் பெட்ரோல் வாசம் அடித்தால், அதன் மிதவை சரியாக அடைக்காமல் பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயில் தண்ணீராகிவிட்டால் எந்த என்ஜினும் சத்தம் போடும். மிதவையைச் சரிசெய்து ஆயிலை மாற்றிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

எந்த ஆயில் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. 10டபிள்யூ-30 என்றால் அதையே ஊற்றுங்கள். டப்பாவில், ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று சொல்லும் 'ஜாசோ எம்.ஏ.' (JASO MA) என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நம் வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் நனைந்துகொண்டிருக்கின்றன. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். சத்தத்தை அடக்குவதற்காகக் கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கம் ஒன்று உண்டு. அது வண்டியை விற்பவர் செய்கிற வேலை, வைத்திருப்பவர் செய்கிற வேலை இல்லை.

காலையில் கேட்பது

இரவு முழுவதும் ஆறிய என்ஜினை விடியற்காலையில் கிளப்பிக் கேளுங்கள். சந்தடி இருக்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், குளிர்ந்த என்ஜின் சொல்வதும் சூடான என்ஜின் சொல்வதும் வேறு வேறு. குளிரில் அதிகமாக இருந்து, பத்து நிமிடம் ஓடியதும் தேய்ந்து மறையும் சத்தம் பெரும்பாலும் பிஸ்டனுடையது. அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிந்து போரை நிரப்பிக்கொள்கிறது. குளிரில் அமைதியாக இருந்து, சூடேற ஏற அதிகமாகும் சத்தம் பேரிங்குகளையும் ஆயில் ஓட்டத்தையும் சந்தேகிக்க வைக்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அடுத்த நாள் காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

திறந்த இடத்தில் கேளுங்கள். கதவு சாத்திய கொட்டகையில் என்ஜினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும். தோளில் துண்டு போட்டிருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செயினுக்குப் பக்கத்தில் குனியாதீர்கள்.

என் காதுக்கு உதவி ஒரு நீள ஸ்குரூ டிரைவர். முனையை என்ஜினில் ஏதாவது ஒரு போல்ட் தலைமேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்வேன். உள்ளே நடப்பது மண்டைக்குள் நடப்பதுபோலக் கேட்கும். தலை மூடி போல்ட், போருக்கு அடியில் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இருக்கும் பெட்டி, இடப்பக்கம் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டின் மூடி, வலப்பக்க கிளட்ச் மூடி என்று நான்கு இடத்திலும் வைத்துக் கேளுங்கள். சத்தம் எங்கே மிகக் கூர்மையாக இருக்கிறதோ அதன் பக்கத்தில்தான் குற்றவாளி இருக்கிறான். இரும்பு முழுவதும் சத்தத்தைக் கடத்தும் என்பதால் ஓரிடத்தில் கேட்டதும் முடிவு செய்துவிடாதீர்கள். நான்கையும் ஒப்பிட வேண்டும்.

நம் பக்கத்துக் காதுகளுக்கு இது கடினமே இல்லை. சுடலைமாடன் கோவில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எல்லாம் ஒன்றாக முழங்கும்போதும் குடத்தின் அடி தனியாக, உடுக்கை தனியாக, ஜால்ரா தனியாக நமக்குக் கேட்கிறது. என்ஜினையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

இதில் ஒரு தாளக் கணக்கு உண்டு. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுத்தான் சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் புகை தள்ளுவதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் விட்டால், நிமிடத்துக்கு 1400 சுற்று என்று வைத்துக்கொண்டால், கிராங்க் வினாடிக்கு 23 முறை சுற்றுகிறது. ஒரு வால்வு வினாடிக்குப் பன்னிரண்டு முறை கூடத் திறப்பதில்லை. எண்ணுவது முடியாது. ஆனால் சைலன்சர் வாலுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உள்ளங்கையைப் பிடித்தால் அந்தப் புகைத் துடிப்பு கையில் படும். காது கேட்கும் சத்தம் கையில் படும் துடிப்போடு ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து வருகிறதா, அல்லது ஒரு துடிப்புக்கு இரண்டாக வருகிறதா என்று கவனியுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்றால் டாப்பட் (வால்வைத் தள்ளும் ராக்கரின் திருகு முனை), ராக்கர், புகைக் கசிவு, பிஸ்டன் ஆகியவற்றில் ஒன்று. ஒன்றுக்கு இரண்டு என்றால் கிராங்க்கோடு சுற்றும் ஏதோ ஒன்று. இது முதல் சல்லடைதான். ஆனால் பாதிச் சந்தேகங்களை இதிலேயே சலித்துவிடலாம்.

என்ஜினுக்கு வெளியே

உள்ளே போவதற்கு முன் வெளியே இருப்பதை எல்லாம் தீர்த்துவிட வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, தடித்த துணியைச் சுற்றிய கையால் சைலன்சர் மேல் இருக்கும் வெப்பத் தகடு, லெக் கார்டு, நம்பர் பிளேட், செயின் கவர் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சத்தம் நின்றால் வேலை முடிந்தது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் 'கிர்ர்' என்று வந்து, அதற்கு மேலும் கீழும் இல்லாமல் போகும் சத்தம் பெரும்பாலும் இந்த வகைதான். பிறகு என்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் மவுண்டிங் போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு மலைச் சாலையில் அடிக்கடி ஏறி இறங்கும் வண்டிகளில் இவை தளர்ந்திருப்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

சைலன்சர் கசிவை நான் மேலே சொன்னபடி கையை நீட்டிப் பிடிக்கலாம், குழாயைத் தொடாதீர்கள். இன்னும் தெளிவாகத் தெரிய, நனைத்துப் பிழிந்த கனத்த துணியால் சைலன்சர் வாலை இரண்டு வினாடி பொத்துங்கள். கழுத்தில் கசிவு இருந்தால் அந்த 'டக் டக்' உடனே பெரிதாகும். இணைப்பைச் சுற்றிக் கரிக் கோடு படிந்திருப்பதும் அதற்குச் சாட்சி. ஸ்பார்க் பிளக் தளர்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான், கொஞ்சம் 'புஸ் புஸ்' கலந்து வரும். பிளக்கை முதலில் விரலால் முழுதும் திருகிவிட்டுப் பிறகு ஸ்பேனரைப் போடுங்கள். பழைய பிளக் என்றால் அதன்பிறகு கால் சுற்றுப் போதும்.

வண்டி நின்றால் இல்லாமல், ஓடினால் மட்டும் வரும் சத்தத்துக்கு என்ஜினைக் குறை சொல்லக்கூடாது. ஆளில்லாத நேரான சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உருளவிடுங்கள். என்ஜின் ஸ்லோவுக்கு இறங்கிய பிறகும் அதே சத்தம் வண்டியின் வேகத்தோடு வந்துகொண்டிருந்தால் அது செயின், சக்கர பேரிங், பிரேக் இவற்றில் ஒன்று. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வரும் சாரலில் நனைந்து நனைந்து செயினின் எண்ணெய் கழுவிப் போய்விடுகிறது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலைப் பூசுங்கள். பின் சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும். நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கணக்குச் சரியாக வரும். செயினை வீணைக் கம்பிபோல முறுக்கி வைத்தால் 'உய்ங்' என்ற ஊளைச் சத்தமும் வரும், முன் பற்சக்கரத்தின் பேரிங்கும் போகும்.

டாப்பட்

வெளியே எல்லாம் சரி, சத்தம் மேலேதான், துடிப்போடு ஒன்றுக்கு ஒன்றாக மெல்லிய 'டிக் டிக்' என்று வருகிறது என்றால் இப்போது டாப்பட்டுக்கு வரலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் தொழிலில் நான் செய்த பெரிய தவறு இந்த இடத்தில்தான் நடந்தது.

பட்டறை தொடங்கிய இரண்டாவது ஆண்டு. வாடிக்கையாளர் ஒருவர் டாப்பட் சத்தம் துளிகூடக் கேட்கக்கூடாது என்று கேட்டார். சூடான என்ஜினில், அளவுத் தகடு எதுவும் வைக்காமல், சத்தம் அடங்கும்வரை திருகி இறுக்கிக் கொடுத்தேன். வண்டி பூனைபோல ஓடியது. மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தென்காசி போனவர், கடையம் தாண்டியதும் வண்டி இழுவை இல்லாமல் நின்று, வேட்டி சட்டையோடு வெயிலில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ஹெட்டைக் கழற்றியபோது புகை வால்வின் விளிம்பு ஒரு பக்கம் எரிந்து அரித்திருந்தது. வால்வு தன் இருக்கையில் முழுதாக அமர்ந்தால்தான் தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்க முடியும். இடைவெளியே இல்லாமல் நான் இறுக்கி வைத்ததால் அது உட்காரவே இல்லை. சூடு போக வழியில்லாமல் எரிந்துவிட்டது. புது வால்வை என் செலவில் போட்டுக் கொடுத்தேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அன்று காலை அவருக்கு நேர்ந்ததை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியவில்லை. அதனால் சொல்கிறேன்: டாப்பட்டில் மெல்லிய சத்தம் இருக்கலாம். சத்தமே இல்லாத டாப்பட்டைத்தான் நான் உடனே அளந்து பார்ப்பேன்.

வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த என்ஜினில், 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும் என்று பல வண்டிகளின் கையேடு சொல்கிறது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் மதிய நிழலே அதற்கு மேல் போய்விடுகிறது. மதியம் இரண்டு மணிக்கு வண்டி தொட்டால் சுடவில்லை என்று நினைத்து அளந்தால் கணக்குத் தப்பும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்; என்ஜின் கையால் இலகுவாகச் சுற்றும். இடப்பக்க மூடியில் இரண்டு திருகு மூடிகள் இருக்கும். பெரியதற்குள் கிராங்க் நட்டு, சிறியதற்குள் எட்டிப் பார்க்கும் துளை. கிராங்க் நட்டில் சாக்கெட் போட்டு, கையேடு சொல்லும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் இடமிருந்து பார்க்க இடச்சுற்று. மேக்னட் மேல் 'T' என்ற ஆங்கில எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு கோடும் வரும். அந்தக் கோடு மூடியின் வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். பிஸ்டன் இப்போது உச்சியில் இருக்கிறது. ஹெட்டில் இரண்டு டாப்பட் மூடிகளையும் திறந்து, இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஆடாமல் இறுகி நின்றால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி 'T' கோட்டுக்கு வாருங்கள். இதைப் பார்க்காமல் அளந்தால் செய்வதெல்லாம் வீண்.

இனி ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள். சிறு வண்டிகளுக்கான இடைவெளி பொதுவாக 0.05 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். புகை வால்வுக்குச் சில வண்டிகளில் சற்றுக் கூடுதலாகச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தகட்டை ராக்கரின் திருகு முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் நுழையுங்கள். வெற்றிலைக் கட்டின் நடுவிலிருந்து ஒரே ஒரு வெற்றிலையைக் கிழியாமல் உருவும்போது விரலுக்கு ஒரு பிடிப்புத் தெரியும் அல்லவா, அந்தப் பிடிப்போடு தகடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி அதிகம். தகடு வளைந்துகொண்டு நின்றால் குறைவு. லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் துளித் துளியாகத் திருப்புங்கள். பிடிப்புச் சரியானதும் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடியும் தகட்டை விட்டுப் பாருங்கள். நட்டு இறுகும்போது திருகும் ஒரு மயிரிழை சேர்ந்து திரும்பியிருக்கும். எனக்கு இன்றும் சில வண்டிகளில் மூன்று முறை செய்ய வேண்டியிருக்கிறது.

மூடிகளைப் போடுவதற்கு முன் ராக்கர் முனையையும் திருகு முனையையும் விளக்கடித்துப் பாருங்கள். திருகு முனையில் குழி விழுந்திருந்தால், தட்டையான தகடு குழியின் விளிம்பில்தான் உட்காரும். அளவு சரி என்று காட்டும், சத்தம் மட்டும் போகாது. திருகை மாற்ற வேண்டும். ராக்கர் தேய்ந்திருந்தால் கேமையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டுக்கு ஃபீலர் கேஜ் வேண்டாம். குளிர்ந்த என்ஜினில், அதே உச்சி நிலையில், தள்ளு தண்டு இரண்டு விரலுக்கு இலகுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக்கூடாது. ஹைட்ராலிக் டாப்பட் வைத்த பிந்தைய புல்லட்டுகளில் காலையில் கிளப்பியதும் சில வினாடிகள் 'டிக் டிக்' என்று கேட்டு அடங்கும். ஆயில் ஏறும்வரை வரும் சத்தம் அது. அங்கே திருகுவதற்கு எதுவும் இல்லை. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வண்டியில் வால்வும் இல்லை, டாப்பட்டும் இல்லை, டைமிங் செயினும் இல்லை. வாழைத்தார் ஏற்றும் விவசாயி ஒருவரிடம் அந்த வண்டிக்கு டாப்பட் வேலை என்று ஒருவர் காசு வாங்கியதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

டைமிங் செயின்

டாப்பட் அளவு சரியாக இருந்தும் சத்தம் இருக்கிறது, அது தனித்தனி 'டிக்' ஆக இல்லாமல் சலசலவென்று ஓடுகிறது, ஆக்சிலரேட்டரை ஏற்றிவிட்டுச் சட்டென்று விடும்போது கூடுகிறது என்றால், அது கிராங்க்கிலிருந்து கேமைச் சுற்றும் டைமிங் செயின். போரின் ஒரு பக்கத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்தால் மறுபக்கத்தைவிட அதிகமாகக் கேட்கும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் ஸ்பிரிங் பலத்தை இழந்திருக்கலாம், வழிகாட்டிப் பட்டைகள் தேய்ந்திருக்கலாம், செயினே நீண்டிருக்கலாம். செயின் மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். செயின், பட்டைகள், டென்ஷனர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்தச் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டிவிட்டால் டைமிங் கெடும். அதற்கு மேல் தாண்டினால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

பிஸ்டனும் அதற்குக் கீழேயும்

பிஸ்டன் அடிப்பது மொத்தையான 'டொக் டொக்'. குளிரில் அதிகம், சூட்டில் குறைவு என்று முன்பே சொன்னேன். அதோடு சைலன்சரில் நீலப் புகையும், ஆயில் குறைவதும் சேர்ந்தால் போர் தேய்ந்துவிட்டது. திசையன்விளை, உவரிப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் இது சீக்கிரம் வருகிறது. தேரி மண்ணின் அந்தச் செம்பொடி காற்றுக் காலத்தில் ஏர் ஃபில்டரை அடைக்கிறது. சிலர் இழுவை குறைகிறது என்று ஃபில்டரையே எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள். அந்த மண் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கும் போருக்கும் நடுவில் போய் உப்புத்தாள்போலத் தேய்க்கிறது. அந்தப் பக்கத்து நண்பர்கள் கையேடு சொல்லும் காலத்துக்குப் பாதியிலேயே ஃபில்டரைப் பாருங்கள். குளிரில் மட்டும் லேசாக அடித்து, புகையும் இல்லாமல், ஆயிலும் குறையாமல் இருந்தால் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம். உடனே போர் போடச் சொல்ல மாட்டேன்.

கீழே, கிராங்க் பெட்டியிலிருந்து கனமாக 'தட் தட்' என்று, பாரம் ஏற்றும்போதும் ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் கூடி வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். பட்டறை வரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். அது பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்காக இருக்கலாம். உடைந்தால் பெட்டியையே பிளந்துவிடும். உறுதி செய்ய ஆயிலை வடித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றி, வெயிலில் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், உலோகத் தூள் இருந்தால் மீன் செதிலின் மினுக்கம்போலக் கோடு கோடாக ஓடும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதில் அலசுங்கள். ஒட்டுவது இரும்பு, கிராங்க், பேரிங், கியர் ஆகியவற்றிலிருந்து வந்தது. ஒட்டாமல் மினுங்குவது பெரும்பாலும் அலுமினியம். பிஸ்டனையோ ஹெட்டையோ காட்டுகிறது. விரல் நகத்தில் எடுக்கும் அளவுக்குத் துணுக்குகள் கிடைத்தால் என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

மலை ஏறும்போது மட்டும் வரும் சத்தம்

சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய் வந்தவர்கள் அடுத்த நாள் என்னிடம் வந்து, "ஏறும்போது தகர டப்பாவில் சில்லறை குலுக்குவதுபோலக் கேட்டது" என்பார்கள். கீழே இறங்கியதும் இல்லை என்பார்கள். நான்காவது கியரிலேயே, பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு ஏறினால் இது வரும். பெட்ரோல் பொறியால் சீராக எரிவதற்குப் பதிலாக அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடிக்கும் சத்தம் அது. முதல் மருந்து கியரைக் குறைப்பது. இரண்டாவது கியரில் ஏறுங்கள். அப்போதும் வந்தால் பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கிறதா, பிளக் சரியான எண்தானா, மிகக் குறைந்த பெட்ரோலில் ஓடும் அளவுக்குக் கார்புரேட்டரை இறுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதை அலட்சியம் செய்தால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும்.

கிளட்ச் பிடித்தால் மாறுகிறதா?

நியூட்ரலில் ஓடவிட்டு கிளட்ச்சை மெதுவாகப் பிடியுங்கள். பிடித்ததும் சத்தம் நின்றால் கிளட்ச் தட்டுகளைத் தாங்கும் கிளட்ச் கூடையின் ஆட்டமோ கியர் பெட்டி பேரிங்கோ. பிடித்ததும் புதிதாகச் சத்தம் வந்தால் கிளட்ச்சைத் தள்ளும் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியர் ஜோடி. ஸ்லோ மிகக் குறைவாக வைத்திருந்தால் கிளட்ச் கூடை சும்மாவே கலகலக்கும். ஸ்லோ திருகைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

வேலையைக் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்

இவ்வளவும் பார்த்த பிறகு மெக்கானிக்கிடம் போனால், "என்ஜினில் சத்தம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிரிலா சூட்டிலா, ஸ்லோவிலா ஓட்டத்திலா, கிளட்ச் பிடித்தால் மாறுகிறதா, எப்போதிருந்து, கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று சொல்லுங்கள். காலைச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுவந்தால் இன்னும் நல்லது. பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் என்ஜின் சூடாகி அந்தச் சத்தம் ஒளிந்துகொண்டுவிடும். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தவறே இல்லை. நான் கேட்காமலேயே ஒரு பையில் போட்டுக் கொடுக்கிறேன்.

போரும் பிஸ்டனும் மாற்றியிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மலை வேண்டாம், மூட்டை வேண்டாம். 500 ஆனதும் ஆயிலை வடித்து, அதே வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். அந்த முதல் ஆயிலில் வெள்ளித் தூள் லேசாக மினுங்கும். புது ரிங் போரில் படிந்து அமர்ந்ததால் வந்தது. அடுத்த முறை மாற்றும்போது அது இருக்கக்கூடாது. இருந்தால் அந்த ஆயிலைக் கொட்டிவிடாமல், ஒரு பாட்டிலில் பிடித்து வண்டியோடு கொண்டுவாருங்கள்.